கருப்பாயியின் பின்னங்கால்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொன்ன மகராசன் யாரோ, என்னைக் கெடுப்பதற்கென்றே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பழமொழியை நம்பித்தான் நான் விமர்சகன் ஆனேன். புதிதாக வருகிற அனிமேஷன் தொடர்களின் முதல் எபிசோடை மட்டும், அதிலும் முக்கால்வாசியை மட்டும் பார்த்துவிட்டு, மொத்தத் தொடருக்கும் தீர்ப்புச் சொல்லுகிற விமர்சகன்.

எனக்கு ஊர் நல்லேப்பிள்ளி. தொழில் நெல். நெல் விவசாயத்தில் பாதி உழைப்பு, மீதி காத்திருப்பு. வாய்க்காலில் நம் முறைக்குத் தண்ணீர் வரும்வரை வரப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கத்து வயல்காரர்கள் அந்த நேரத்தில் சீட்டாடுவார்கள், அல்லது கிருஷி பவன் என்கிற விவசாய ஆபீஸில் விதை கொடுக்காததைப் பற்றித் திட்டுவார்கள். நான் போனில் கார்ட்டூன் பார்ப்பேன். (அப்போதெல்லாம் யாராவது "கார்ட்டூனா?" என்று கேட்டால் கோபம் வரும். "அனிமேஷன் தொடர்" என்று திருத்துவேன். வரப்பில் வேறு ஆள் இல்லாவிட்டால் கொக்குகளிடம் திருத்துவேன்.)

பார்த்ததைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. மாட்டுக் கொட்டகையில் ஏணியில் போனைக் கட்டி வைத்து, 'பாத்ததும் சொல்றேன்' என்று ஒரு சேனல் ஆரம்பித்தேன். பார்ப்பவர்களில் பாதிப் பேர் என் சித்தப்பா மக்கள். மீதிப் பேர் தவறிப்போய் வந்தவர்கள். ஆனால் என் தோரணையைப் பார்த்தால் உலகத்துப் படக்காரர்கள் எல்லாம் என் கொட்டகை வாசலில் கைகட்டி நிற்பதுபோல இருக்கும். ஒரு தொடரில் நாற்று நடுகிற காட்சிக்கு அடுத்த காட்சியில் களத்தில் நெல் குவிந்து கிடந்தது. அதை அரை மணி நேரம் காய்ச்சினேன். இன்னொன்றில் ஓட்டு வீட்டுக்குப் புகைபோக்கி வைத்திருந்தார்கள். எல்லாப் பெண்களுக்கும் கண் உளுந்து வடை அளவுக்கு இருந்தது. ஜப்பான்காரர்கள் மட்டும் என்னிடம் தப்பித்தார்கள். அவர்கள் வரைகிற சோற்றில் ஆவி பறக்கும். பார்த்தால் எனக்குப் பசிக்கும். அதற்காகவே நல்ல மதிப்பெண் போடுவேன்.

அந்த வரிசையில்தான் 'கடலுக்குப் போன கருப்பாயி' வந்தது. ஓர் எருமை கடலைப் பார்க்க ஆசைப்பட்டு ஊரைவிட்டுப் புறப்படுகிற கதை. நம் பக்கத்து எருமை என்றதும் ஆவலாக உட்கார்ந்தேன். அது நடக்க ஆரம்பித்ததும் போனை அணைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய் வீடியோ எடுத்தேன். "பின்னங்கால் வெக்கறதே தப்பு. இதை வரஞ்சவங்க எருமையப் பால் பாக்கெட்டுல மட்டுந்தான் பாத்திருப்பாங்க. மொதல் எபிசோடே இந்த லட்சணம். மிச்சத்தப் பாக்கறதுக்குப் பதிலா நாலு வரப்பு வெட்டலாம்" என்று முடித்தேன். எனக்குப் பின்னால் நின்ற எங்கள் எருமை அந்த நேரம் பார்த்துத் தலையை ஆட்டியது. அதையும் ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அப்போது என் கல்யாணம் எங்கள் வீட்டில் பெரிய கவலையாக இருந்தது. "மாப்பிள்ளை என்ன பண்றாருங்க?" என்று போனில் கேட்பார்கள். "வெவசாயமுங்க" என்று அம்மா சொல்வாள். எதிர்முனையில் ஒரு மௌனம் வரும். பிறகு ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்புவார்கள். (நாங்கள் ஜாதகமே கொடுக்காத வீட்டிலிருந்தும் பொருந்தவில்லை என்று தகவல் வந்ததுண்டு.) அப்பா போன பிறகு வயலையும் என்னையும் ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்தியவள் அம்மா. ஒவ்வொரு மௌனத்துக்குப் பிறகும் போனை வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலத் தவிட்டுத் தொட்டியைக் கழுவப் போவாள். கழுவின தொட்டியையே மறுபடியும் கழுவுவாள்.

அப்படி இருக்கும்போது கோபாலபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்புக்காரர் வீட்டிலிருந்து, என் போட்டோவைப் பார்த்துவிட்டு, "வந்து பொண்ணப் பாருங்க" என்று அவர்களாகவே சொல்லி அனுப்பினார்கள். பெண் பெயர் இந்துமதி. கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அம்மா அன்றைக்குத் தொட்டி கழுவவில்லை. பாட்டுக்கூடப் பாடினாள்.

காரில் போகும்போது எனக்குப் பாடம் நடந்தது. அம்மாவும் பெரியப்பாவும்தான் உடன் வந்தார்கள்.

"கண்ணு, அங்க போயி உன்ற வாயத் தொறந்து நாயம் பேசாத. எதப் பாத்தாலும் நல்லா இருக்குதுன்னு சொல்லோணும். புரிஞ்சுதா?"

"சரிங்மா."

"பொண்ணு கையால செஞ்சது எதாச்சும் கண்ணுல படறாப்ல வெச்சிருப்பாங்க. அதப் பாத்து, யாருங்க செஞ்சதுன்னு கேக்கோணும்."

இது எங்கள் பக்கத்து நடைமுறை. பெண் பார்க்கிற வீட்டுக் கூடத்தில் பெண்ணின் கைவேலை ஒன்று இருக்கும். ஒயர் கூடையோ, பூ வேலை செய்த தலையணை உறையோ ஏதோ ஒன்று. "எங்க பாப்பா செஞ்சது" என்று அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் தற்பெருமை. வந்தவர்கள்தான் கண்டுபிடித்துக் கேட்க வேண்டும். கேட்காமல் எழுந்து வந்துவிட்டால் பெண்ணைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

பெரியப்பா தன் பொறுப்பைச் சொன்னார். "நீ அளவுக்கு மீறிப் பேசுனீனா நான் இருமுவேன். உடனே நிறுத்திக்கோ."

வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து நான் கைவேலையைத் தேட ஆரம்பித்தேன். ஒயர் கூடை இல்லை. தலையணை உறை இல்லை. வாசல் திரைச்சீலையில் மயில் இருந்தது. "அட, ரொம்ப நல்லா இருக்குதுங்க. யாருங்க செஞ்சது?" என்றேன். "பொள்ளாச்சில வாங்குனதுங்க" என்றார் பெண்ணின் அப்பா சுப்பிரமணியம். சுவரில் ஓர் அருவிப் படம். "யாருங்க வரஞ்சது?" அது உரக்கடைக் காலண்டர். முறுக்கு வந்தது. கடித்து, கண்ணை மூடி, "ஆஹா, யாருங்க சுட்டது?" என்றேன். "பக்கத்து ஊட்டு அக்காங்க" என்றார் பெண்ணின் அம்மா. அவர் முகத்தில் லேசாகக் குழப்பம். நான் விடவில்லை. மின்விசிறியைக்கூட ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தேன்.

கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. விருந்தாளி வந்தும் டிவியை அணைக்கவில்லையே என்று எனக்கு ஆச்சரியம். சுப்பிரமணியம் அணைக்காததோடு, ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை வேறு கூட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். பெண்ணின் அம்மாவும் என்னைப் பார்த்தார். நான் டிவியைப் பார்த்தேன். திரையில் கருப்பாயி கடலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இது எப்படீங்க இருக்குது?" என்று கேட்டார் சுப்பிரமணியம்.

நல்லா இருக்குதுங்க. ரெண்டே வார்த்தை. காரில் அரை மணி நேரம் சொல்லிக் கொடுக்கப்பட்ட வார்த்தை. மயிலுக்கும் காலண்டருக்கும் முறுக்குக்கும் வாரி இறைத்த வார்த்தை. ஆனால் அதுவரை என்னிடம் யாருமே நேரில் வந்து ஓர் அனிமேஷன் தொடரைப் பற்றி அபிப்பிராயம் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஏனுங்க, நெஜமாச் சொல்லட்டுங்களா?" என்றேன். (இந்தக் கேள்வியைக் கேட்பவனை அந்த இடத்திலேயே வாயைப் பொத்தித் தூக்கிப் போய்விட வேண்டும்.)

"சொல்லுங்க."

"மகா மட்டமுங்க."

பெரியப்பா இருமினார்.

"எருமை இப்படியா நடக்கும்? நீங்க பண்ணயம் பாக்கறவரு, நீங்களே சொல்லுங்க. இடது பின்னங்காலும் வலது முன்னங்காலும் ஒன்னாத் தூக்குது பாருங்க. இது குதிரை ஓடறதுங்க. எருமை நடக்கறப்ப பின்னங்கால மொதல்ல வெக்கும், அப்பறம் அதே பக்கத்து முன்னங்கால எடுக்கும். இதக்கூடத் தெரியாம ஒரு ஆளு சம்பளம் வாங்கிட்டு வரஞ்சிருக்குது!"

பெரியப்பா இன்னும் பலமாக இருமினார். பெண்ணின் அம்மா பதறிப்போய் அவருக்கு மிளகு போட்ட வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். கையில் வெந்நீர் வந்துவிட்டதால் அவரால் குடிக்கத்தான் முடிந்தது, இரும முடியவில்லை. என்னைத் தடுக்க இனி ஆள் இல்லை.

சுப்பிரமணியம் என்னையும் டிவியையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்குப் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். "நடந்தே காட்டறனுங்க" என்று சொல்லிவிட்டு, கரை போட்ட புது வேட்டியோடு கூடத்தின் நடுவில் கையையும் முட்டியையும் ஊன்றி எருமையானேன்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். மனிதன் தவழும்போது குதிரை மாதிரிதான் தவழ்வான். எருமை மாதிரி தவழ்வது அவ்வளவு சுலபமில்லை. இதை நான் முன்பே ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். இடது முட்டியை வைத்து, இடது கையை எடுத்து, "பாத்தீங்களா, இப்பத்தான் முன்னங்காலு" என்று விளக்கிக்கொண்டே டீப்பாயைச் சுற்றி வந்தேன். வலது பக்கத்துக்கு மாறும்போது எந்தக் கால் முதலில் என்பது மறந்துவிட்டது. வேட்டியை முட்டி மிதித்தது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, டீப்பாயோடும் முறுக்குத் தட்டோடும் தரையில் கிடந்தேன்.

நிமிர்ந்து பார்த்தபோது இந்துமதி காபித் தட்டோடு நின்றிருந்தாள். நாங்கள் ஒருவரை ஒருவர் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டது அப்படித்தான். என் தலையில் முறுக்குத் துண்டு இருந்ததாக அவள் இன்றைக்கும் சொல்வாள்.

அதே நேரத்தில் டிவியில் எபிசோடு முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்தன. பெரியப்பா எதில் எழுத்தைப் பார்த்தாலும் உரக்கப் படிப்பவர். பஸ் போர்டைக்கூட விடமாட்டார். "அசைவூட்டம்... இந்துமதி... சுப்பிரமணியம்..." என்று நிறுத்தி நிறுத்திப் படித்தார். "அட, நம்ம பொண்ணு பேராட்டவே இருக்குதே!"

"நம்ம பொண்ணேதானுங்க" என்றார் சுப்பிரமணியம்.

வீடு முழுக்கத் தேடினேனே, அந்தக் கைவேலை அதுதான். பெயர் ஓடுகிற இடம் வரும்வரை அந்த மனுஷன் ரிமோட்டும் கையுமாகக் காத்திருந்திருக்கிறார். நாங்கள் பார்த்துவிட்டு, யாருங்க செஞ்சது என்று கேட்போம் என்று காத்திருந்திருக்கிறார்.

"அந்த எருமைய நடக்க வெக்கறதுக்கு என்ற பொண்ணு சோறு தண்ணி இல்லாம உக்காந்திருந்துதுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

நான் அம்மாவைப் பார்த்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, சிதறின முறுக்கைக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள். வீட்டுக்குப் போனதும் தொட்டியைக் கழுவப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் வாழ்நாளில் அந்த நிமிஷத்தில் வெட்கப்பட்ட மாதிரி வேறெப்போதும் வெட்கப்பட்டதில்லை. பெரியப்பா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

இந்துமதி தட்டை டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். "நீங்க உடுங்க அத்தை, நான் பொறுக்கறேன்" என்று அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பி உட்கார வைத்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"எந்தக் காலுங்க?"

"எல்லாமே நல்ல காலுங்க" என்றேன்.

"வீடியோல பின்னங்கால்னு சொன்னீங்களே?"

நான் வேட்டியைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

"போட்டோ வந்தன்னைக்கே தெரிஞ்சுதுங்க. 'பாத்ததும் சொல்றேன்'. எங்க ஆபீஸ்ல அந்த வீடியோவப் பாக்காத ஆளே கெடையாது. பால் பாக்கெட்டுனு இன்னும் என்னையக் கூப்பிடறாங்க. நேர்ல ஒரு கேள்வி கேக்கலாம்னுதான் உங்கள வரச் சொன்னேன்."

சுப்பிரமணியம் மகளைப் பார்த்தார். இது அவருக்கும் புதுச் செய்தி.

"எனக்குக் கோவமான கோவமுங்க. ஊட்டுக்கு வந்து எங்க எருமைய நடக்க உட்டு உக்காந்து பாத்தேன். நீங்க சொன்னது சரிதான்." (நான் இங்கே லேசாக நிமிர்ந்தேன். நிமிர்ந்திருக்கக் கூடாது.) "நாலாவது எபிசோடுலருந்து மாத்திட்டேன். அதப் பாத்தீங்களா?"

"இல்லீங்க."

"மூணாவது?"

"இல்லீங்க."

"மொதலாவது முழுசா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அப்பறம் எப்படீங்க தொடரே மோசம்னு சொன்னீங்க?"

"ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு..." என்று இழுத்தேன்.

"நெல்லு வெளையற ஊருக்காரருதானுங்க நீங்க? ஒல கொதிக்கறதுக்கு முன்னாடி எடுத்துப் பாத்தா அரிசியாத்தானுங்க இருக்கும்?"

அவள் அப்பாவின் கையிலிருந்து ரிமோட்டை வாங்கினாள். "எல்லாரும் உக்காருங்க. பெரியப்பா, நீங்களும் வாங்க. முழுசாப் பாத்துட்டு அப்பறம் சொல்லுங்க" என்று நாலாவது எபிசோடைப் போட்டாள்.

கருப்பாயி ஓர் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்திருந்தாள். மழைத் தண்ணீர். கரையெல்லாம் சேறு. வசனமே இல்லை. அவள் மெதுவாக நடந்து வந்தாள். முன்னங்கால் விட்டுப்போன குழியிலேயே பின்னங்கால் வந்து பதிந்தது. பதிந்த குழியில் கொஞ்சம் தண்ணீர் ஊறியது. அந்தக் குழியை நான் தினமும் பார்க்கிறேன். எங்கள் வயல் வரப்போரத்தில் காலையில் முதலில் கண்ணில் படுவது அதுதான். அதை ஒருத்தி உட்கார்ந்து பார்த்து, வரைந்து, நடக்க வைத்திருக்கிறாள். நடு ஆற்றில் கருப்பாயி நின்று, ஊரில் விட்டுவந்த கன்றை நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அய்யோ, அங்கயே நிக்காதடி! தண்ணி இழுத்துட்டுப் போயிரும்!" என்று அம்மா டிவியைப் பார்த்துக் கத்தினாள்.

"அடுத்ததுல கரையேறிருமுங்க" என்று பெண்ணின் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் யார் விடுவார்கள்? அடுத்ததைப் போட்டார்கள். அதற்கடுத்ததையும் போட்டார்கள். ஆறிய காபி போய்ச் சூடான காபி வந்தது. ஒவ்வொரு முடிவிலும் பெயர் ஓடும்போது பெரியப்பா உரக்கப் படிப்பார். சுப்பிரமணியம் வேறெங்கோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு கேட்பார். மத்தியானம் ஆனது. இலை போட்டார்கள். கருப்பாயிக்கு உப்புக்காற்று வாசம் கிடைத்த இடத்தில் நாங்கள் சாம்பாரில் இருந்தோம்.

ரசத்துக்குச் சோறு வாங்கும்போதுதான் பெரியப்பா கை அந்தரத்தில் நின்றது.

"ஏம்மா, கை நனைச்சுப்புட்டமே!"

எங்களில் சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். பலகாரம், காபியோடு சரி. சோறு சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அம்மா இலையைப் பார்த்தாள். பாதிக்கு மேல் காலி. முகம் செத்துப்போய், "தெரியாமத் தின்னுட்டமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றாள்.

சுப்பிரமணியம் ரசப் பாத்திரத்தைத் தன் கையாலேயே எடுத்து வந்தார். "சாப்புடுங்க. என்ற பொண்ணு வேலையப் பாத்துட்டுக் கண்ணுத் தண்ணி உட்டவிய நீங்க. மத்ததப் பொண்ணே சொல்லட்டும்."

எல்லோரும் இந்துமதியைப் பார்த்தோம். அவள் அப்பளக் கூடையோடு நின்றிருந்தாள்.

"மொதல் எபிசோடு படுமோசமுங்க" என்றாள் என்னைப் பார்த்து. "அதுக்காக நான் நிறுத்தறதில்ல. அடுத்ததும் பாத்துட்டுச் சொல்றேன்."

பார்த்தாள். நல்லேப்பிள்ளிக்கு வந்து வயலைப் பார்த்தாள், கொட்டகையைப் பார்த்தாள், வீடியோவில் தலையாட்டின எருமையைப் பார்த்துக் கணக்குத் தீர்ப்பதுபோல முறைத்தாள். அம்மாவோடு ஒரு பகல் முழுக்கப் பேசினாள். போகும்போது "சரிங்க அத்தை" என்றாள். அம்மா தொட்டிப் பக்கம் ஓடினாள். பயந்துபோய்ப் பின்னால் போனேன். தொட்டியைக் கழுவவில்லை. எருமையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

இப்போது இந்துமதி கோயமுத்தூருக்குப் பாதி நாள் போய்வருகிறாள், பாதி நாள் எங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். சேனலின் பெயர் 'முழுசாப் பாத்துட்டுச் சொல்றேன்' என்று மாறிவிட்டது. முழுசாகப் பார்த்தால் பெரும்பாலானவை நன்றாகவே இருந்து தொலைக்கின்றன; திட்டு இல்லாததால் சித்தப்பா மக்கள்கூட வருவதில்லை. பரவாயில்லை. முறைத் தண்ணீருக்காக வரப்பில் உட்கார்ந்திருக்கும்போது பல நாள் நினைத்துக்கொள்வேன். அன்றைக்கு அவள் என்னை முக்கால்வாசியில் நிறுத்தியிருந்தால் நான் என்ன செய்திருக்க முடியும்? என்னைப் போல அவளும் பார்த்ததும் சொல்லுகிற ஆளாக இல்லாமல் போனது நான் செய்த புண்ணியம்.

ஒரே ஒரு பழி மட்டும் தீர்த்துக்கொண்டாள். கருப்பாயி கடைசியில் கடற்கரைக்கு வந்து சேர்கிற எபிசோடில், ஒரு வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பாள். உள்ளே கரைவேட்டி கட்டின ஒருவன் கூடத்தில் எருமை மாதிரி தவழ்ந்து வந்து, கால் தடுக்கி, டீப்பாயோடு விழுவான். தலையில் ஒரு முறுக்குத் துண்டு. கதைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பின்னங்கால் முன்னங்கால் கணக்கு மட்டும் அச்சுப் பிசகாமல் இருக்கும்.

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா இப்போது டிவியை அணைப்பதில்லை. சரியாக அந்த இடத்தைப் போட்டுவிட்டு, சத்தத்தைக் கூட்டிவிட்டு, ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள். அவளாக ஒன்றும் சொல்லமாட்டாள், சொன்னால் தற்பெருமை. வந்தவர்கள் பார்த்து, வயிறு வலிக்கச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏனுங்க, யாருங்க இந்தக் கிறுக்கன்?" என்று கேட்கும்வரை காத்திருப்பாள்.

கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்வாள்.

"என்ற பையனுங்க."